காலிக் கோட்டையைக் காணச் செல்வோர்க்கு



இலங்கையின் தென்கரையிலே, கடலுக்குள் நீண்டுசெல்லும் பாறை முனையொன்றின்மீது காலிக் கோட்டை அமைந்துள்ளது. கொழும்பிலிருந்து கடலோரமாகச் செல்லும் புகையிரதத்திலே காலி நிலையத்தை அடைவோர், சிறிது தூரம் நடந்ததுமே அதன் கரிய பெருமதில்களைக் காண்பர். பலர் அங்கே செல்கின்றனர். வெளிச்சவீட்டின் முன் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். நினைவுப் பொருள்கள் சில வாங்கிக்கொண்டு மாலையிலே திரும்பிவிடுகின்றனர். அதிற் குற்றமொன்றுமில்லை. ஆயினும், அந்நகர் தன் வரலாற்றைத் தன் கல்லிலும் தெருவிலும் எழுதிவைத்திருக்கின்றது. அதனைப் படிக்க விரும்புவோர் எங்கே தொடங்கி எவ்வாறு செல்லலாம் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலில் வாயிலைப் பார்ப்போம். கோட்டைக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. இன்று வாகனங்கள் செல்லும் பெருவாயில், 1873ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் மதிலை ஊடறுத்து அமைத்தது. அதற்கு முன்னர் வழங்கிய பழைய வாயில் துறைமுகப் பக்கத்தே உள்ளது. அவ்வழியாகவே உள்ளே செல்லுதல் நன்று. வாயிலின் வெளிமுகத்தில் ஆங்கில அரசின் இலச்சினையைக் காணலாம். உட்சென்று திரும்பி நோக்கினால், ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினை தோன்றும். இரு சிங்கங்களும், மேலே ஒரு சேவலும், 1669 என்னும் ஆண்டும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. வெளியே ஓர் ஆட்சி, உள்ளே மற்றோர் ஆட்சி. நாடு கைமாறியபொழுது, புதியவர் பழையவரின் கல்லைப் பெயர்த்தெறியவில்லை; தமது கல்லை மறுபக்கத்திற் பதித்தனர்.

அச்சேவலுக்கும் ஒரு கதையுண்டு. போர்த்துக்கேய மொழியிலே சேவலைக் குறிக்குஞ் சொல் 'காலோ' என்பது. காலி என்னும் ஊர்ப்பெயர் அயலார் செவியில் அவ்வாறு ஒலித்தமையாற் சேவல் அந்நகரின் சின்னமாயிற்று என்பர். சிங்களத்திலோ 'கல' என்பது பாறையைக் குறிக்கும். பாறையாகிய ஊர் பிறர் நாவிலே பறவையாகிவிட்டது!

போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டிலே இங்கு அரண் அமைத்தபொழுது, தரைப் பக்கத்தை மட்டுமே மதிலாலும் அகழியாலும் அடைத்தனர். மற்றைப் பக்கங்களைக் கடலும் பாறையும் காக்கும் என்பது அவர்தம் துணிபு. 1640ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்திருந்த ஒல்லாந்தர், வில்லெம் கொஸ்தர் என்னும் தளபதியின் தலைமையிலே கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். 1656ஆம் ஆண்டிலே கொழும்பு வசப்படும்வரை காலியே அவர்களுக்குத் தலைமையிடமாக விளங்கியது. பின்னர் அவர்கள் முனை முழுவதையும் வளைத்து மதில் எழுப்பி, பதினான்கு கொத்தளங்களையும் அமைத்தனர். முருகைக் கல்லும் கருங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த அம்மதிலிலே கம்பனியின் பெயர் உண்டு. தளபதியின் ஊர்ப்பெயரும் உண்டு. கொஸ்தர் பிறந்த அக்கர்ஸ்லோட் என்னும் ஊரின் பெயரை ஒரு கொத்தளம் தாங்கி நிற்கின்றது. கல் சுமந்தவர்களின் பெயர்கள் மட்டும் எங்கும் இல்லை.

அடுத்து மதில்மேல் ஏறி நடத்தல் வேண்டும். வெயில் தணிந்த மாலை நேரமே இதற்கு ஏற்றது. 1883ஆம் ஆண்டிலே எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே தொடங்கி, கடலை வலக்கைப் பக்கமாகக் கொண்டு நடந்தால், நட்சத்திரக் கொத்தளம் முதலாகக் கொடிப்பாறைவரை மேற்குக் கடல் உடன்வரும். அதற்கப்பால் வெளிச்சவீடு நிற்கின்றது. 1848ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட முதல் வெளிச்சவீடு பின்னர் தீக்கிரையாயிற்று. இன்று காண்பது 1939ஆம் ஆண்டினது. தரைப்பக்கத்து மதில் உயர்ந்தும் பருத்தும் இருப்பதையும், கடற்பக்கத்து மதில் அத்துணை உயராதிருப்பதையும் நடப்போர் ஒப்பிட்டு நோக்குக. கட்டியவர்கள் எத்திசையை மிக அஞ்சினர் என்பது அதனால் விளங்கும்.

மேலே கண்டபின், கீழே உள்ளதையும் எண்ணிப்பார்த்தல் தகும். ஒல்லாந்தர் தெருக்களின் அடியிலே செங்கற் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தனர். கடல் பொங்கி ஏறும்போது நீர் அவற்றினுட் புகும். வற்றும்போது நகரின் கழிவை உடன்கொண்டு செல்லும். திரைத்தன் கொத்தளத்தின்மீது நின்ற காற்றாலை கடல்நீரை இறைத்து உதவியது. எந்தக் கடலைத் தடுக்க மதில் நின்றதோ, அந்தக் கடலையே நகரைத் துப்புரவு செய்யும் பணியாளாகவும் அமர்த்திக்கொண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் இவ்வேற்பாடு வியக்கத்தக்கதே.

பின்னர் தெருக்களுக்குள் இறங்குக. 'லெயின் பான்' வீதி என்னும் பெயர், கயிறு திரிக்கும் இடம் எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. கறுவாவும் யானையும் ஏற்றிச்சென்ற மரக்கலங்களுக்குக் கயிறின்றி ஆகுமோ? 1755ஆம் ஆண்டிலே நிறைவெய்திய ஒல்லாந்தரின் பெரிய தேவாலயத்தினுட் சென்றால், தரையெங்கும் கல்லறைக் கற்கள் பதிந்திருக்கக் காணலாம். அதற்கு அணித்தே ஆங்கிலேயரின் ஆலயம். வெளிச்சவீட்டின் எதிரே, தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் கிறித்தவ ஆலயம்போலத் தோன்றும் சோனகரின் பள்ளிவாசல். சிறிது தூரத்திலே பௌத்த விகாரை. சோனகரும் சிங்களவரும் பறங்கியரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த ஊர் இது.

பல மொழியாரும் இத்துறையிலே கூடியமை மதிலினும் பழமையானது. 1911ஆம் ஆண்டிலே, காலி நகரிலே மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த அக்கல், 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியில் அது பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தபிரானையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிலே கோயில்கொண்ட தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றது. பொன்னும் வெள்ளியும் பட்டும் முதலிய காணிக்கைகள் மூன்றிலும் பெரும்பாலும் ஒத்தேயுள்ளன. கடல் வாணிகத்திலே தமிழ் எத்தகைய இடம் பெற்றிருந்தது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதே தளபதி சில ஆண்டுகளுள் இலங்கை அரசனொருவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றான் என்பதையும் மறத்தலாகாது. காணிக்கை கொணர்ந்த கப்பலிலே படையும் வந்தது. அக்கல் இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையிலே உள்ளது. காலிக்குச் செல்லுமுன் அதனைக் கண்டு செல்வோர், நகரை வேறு கண்ணாற் காண்பர்.

இனி ஒரு வினா எழுகின்றது. கொழும்பிலும் ஒல்லாந்தர் கட்டிய வலிய மதில் இருந்ததே, அஃது எங்கே? 1869ஆம் ஆண்டளவிலே தொடங்கி ஆங்கிலேயர் அதனை இடித்துவிட்டனர். வளரும் நகருக்கு மதில் தடையாகத் தோன்றிற்று. காலிக்கு அந்நிலை நேரவில்லை. 1875ஆம் ஆண்டிலே கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது நிறைவேறியபின் பெருங் கப்பல்கள் காலியைக் கைவிட்டன. காலித் துறையோ பாறைகள் மலிந்தது. 1659ஆம் ஆண்டிலே 'அவொண்ட்ஸ்டர்' என்னும் ஒல்லாந்தக் கப்பல் அத்துறையிலேயே மூழ்கியது. வாணிகம் போயிற்று, செல்வமும் குன்றிற்று. மதிலை இடித்து நகரை விரிக்க வேண்டிய தேவையும் அதனோடு போயிற்று. காலி இழந்த வாணிகமே அதன் மதிலைக் காத்துத் தந்தது எனலாம்.

அம்மதில் தன் கடனை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தீர்த்தது. ஆழிப்பேரலை எழுந்த அன்று, கோட்டைக்கு வெளியே பேருந்து நிலையமும் சந்தையும் துடுப்பாட்டத் திடலும் நீரில் மூழ்கின, எண்ணற்றோர் உயிரிழந்தனர். மதிலுக்குள் இருந்த பழைய நகரோ பெருஞ்சேதமின்றித் தப்பியது. பகைவரின் பீரங்கிக்காக எழுப்பிய மதில், 1796ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் வந்தபொழுது போரின்றியே கைமாறியது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே அது மெய்யான முற்றுகையொன்றைக் கண்டது; அம்முற்றுகை இட்டது கடல்.

1988ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ இக்கோட்டை நகரை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. அதனால் வந்த புகழ் நன்மையோடு ஓர் இடரையும் உடன்கொணர்ந்தது. வீட்டின் விலை ஏறியது. பல வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் கடைகளாகவும் மாறின. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தர் கட்டிய கோட்டையை நாம் அறிவோம். அது படைக்கென்று அமைந்த கோட்டை. குடிமக்களின் ஊர் அதற்கு வெளியே இருந்தது. போர் வந்தபொழுது அதன் கட்டடங்கள் சிதைந்தன. காலியின் சிறப்போ, அதனுள்ளே குடிகள் வாழ்வது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், நீதிமன்றத்துக்கு வரும் வழக்காளரும், தொழுகைக்கு விரையும் முதியோரும் அதற்கு உயிர். அவர்கள் நீங்கினால் எஞ்சுவது அழகிய ஓடு மட்டுமே.

ஆதலின், காலிக்குச் செல்வோர் மதிலையும் வெளிச்சவீட்டையும் கண்டதோடு அமையாது, ஓர் இரவேனும் அங்கே தங்குக. இயன்றால் அவ்வூர்க் குடும்பத்தினர் நடத்தும் இல்லத்திலே தங்குக. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் அனுமதி பெற்று இரண்டு சொற் பேசுக. வழிபாட்டிடங்களில் அவ்விடத்து முறைமையைப் பேணுக. விடியலிலே, வருவோர் கூட்டம் சேருமுன், தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்க. எத்தனை வீடுகளில் அடுப்புப் புகைகின்றது என்பதை அப்பொழுது அறியலாம். அந்நகரின் நலத்தை அளக்க அதனினும் நல்ல அளவுகோல் இல்லை.