இளமையும் முதுமையும் கைப்பும்: ஒரு பானத்தின் சொல்வரலாறு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைபவர் ஒரே சுவைக்கு இரு சொற்களைக் கேட்கலாம். பாகற்காயின் சுவையைத் தமிழ் பேசும் கடைக்காரர் கசப்பு என்பார். மலையாளம் பேசும் வாடிக்கையாளர் கைப்பு என்பார். கேரளத்தின் சில பகுதிகளில் அக்காய்க்கே கைப்பக்கா என்று பெயர். அறுசுவைகளை எண்ணும் பழந்தமிழ் வழக்கிலும் கைப்பு என்ற சொல்லே உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் 'கைக்குது' இன்றும் உயிரோடிருக்கிறது. எச்சொல்லால் குறித்தாலும், இச்சுவை வேம்புக்கும் மருந்துக்கும் உரியது. முறிந்த உறவைக் கசந்துபோயிற்று என்கிறோம். ஆங்கிலத்திலோ இதே சுவையின் பெயர் ஒரு பானத்தின் பெயராகவே நிலைத்தது: பிட்டர். அந்தப் பெயர்மாற்றத்தின் பின்னணியில் இந்தியக் கடல்வணிகமும் இருக்கிறது.

இது பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. நெடுங்கடற் பயணத்தில் பீர் கெட்டுப்போயிற்று; ஆகவே லண்டனின் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 'ஹாப்' பூக்களை மிகுதியாகச் சேர்த்து, இந்தியாவுக்கென்றே புதியதொரு கசப்புப் பீரைக் கண்டுபிடித்தார் என்பது அக்கதை. பீர் வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கார்னெல் உள்ளிட்டோர் இதை மறுத்துள்ளனர். வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்ற அறிவுரை 1760களிலேயே வழங்கியது. கருநிறப் போர்ட்டரும் கெடாமலே இந்தியா வந்து சேர்ந்தது. படைவீரர்கள் பெரிதும் குடித்தது அதைத்தான். ஹாட்ஜ்சனுக்கு வாய்த்தவை வேறு: கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறைக்கு அருகே அமைந்த போ வடிசாலையும், கப்பல் தலைவர்களுக்கு அவர் அளித்த நீண்ட தவணைக் கடனும்.

ஹாட்ஜ்சன் குடும்பத்தின் ஆதிக்கம் கம்பெனிக்கு உறுத்தியது. 1822இல் ரஷ்யா விதித்த புதிய சுங்கவரியால் பர்ட்டன் நகர வடிசாலைகள் தங்கள் பழைய சந்தையை இழந்தன. அவ்வேளையில் கம்பெனி இயக்குநர் கேம்பெல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டனின் சாமுவேல் ஆல்சாப்பிடம் இந்தியச் சந்தையை முயன்று பார்க்கச் சொன்னார். ஹாட்ஜ்சனின் பீரை வாயில் வைத்த ஆல்சாப், அதன் கசப்புத் தாளாமல் துப்பிவிட்டார் என்றும், முதல் மாதிரி ஒரு தேநீர்க் கெண்டியில் வடிக்கப்பட்டது என்றும் பர்ட்டன் மரபுக்கதை சொல்லும். கதை எப்படியாயினும், பர்ட்டனின் கிணற்று நீரில் மிகுந்திருந்த கால்சியம் சல்பேட்டு ஹாப் கசப்பைக் கூர்மையாக்கியது. அந்நகரின் பீர் லண்டன் பீரை இந்தியச் சந்தையில் பின்தள்ளியது.

இனி, சொல்லின் வரலாறு. அதற்கு முன்பு ஆங்கிலேயர் பீரைப் பெரிதும் அதன் வயதாலேயே வகைப்படுத்தினர். 'மைல்ட்' என்பது இன்று மென்சுவையைக் குறிக்கிறது. அன்றோ அது முதிராத, புதிய பீரைக் குறித்தது. அதற்கு எதிர்ச்சொல் 'ஓல்ட்' அல்லது 'ஸ்டேல்'. பின்னதும் அன்று இழிசொல் அன்று. பர்ட்டன் வகைப் பீர் இங்கிலாந்து மதுக்கூடங்களுக்குள் பரவிய 1840களில், வடிப்பவர்கள் அதைப் 'பேல் ஏல்' என்றே அழைத்தனர். 'பிட்டர்' என்று கேட்டு வாங்கியவர்கள் குடிப்பவர்கள். வயதைக் குறித்த சொல்லுக்கு எதிரே சுவையைக் குறித்த சொல் வந்து நின்றது. அதன்பின் மைல்ட் என்பதும் மெல்ல வயதுப்பொருளை இழந்து சுவைச்சொல்லாயிற்று.

மூன்றாம் கட்டத்தில் சொல்லின் இடத்திற்கு எண் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் கசப்பை ஒளி உறிஞ்சலால் அளக்கும் அலகு உருவாயிற்று. லண்டனின் புல்லர்ஸ் வடிசாலை 1971இல் 'எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர்' என்ற வலிய வகையை வெளியிட்டது. மரபுவழிப் பீரைக் காக்கும் காம்ரா இயக்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பீர் நடுவர் திட்டத்தின் மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10 என 50 மதிப்பெண்கள். வலிய பிட்டருக்கு 30 முதல் 50 வரை கசப்பு அலகுகள் என்றும் அத்திட்டம் வரையறுக்கிறது. ஆனால் புட்டிக்குள் ஈஸ்ட் உயிரோடிருக்கும் மரபுவழிப் பீர் நாளாக நாளாக மாறுகிறது. அதன் கசப்பும் குறைகிறது. பழைய வயதுச்சொற்கள் சொன்ன அந்த மாற்றத்தைச் சிட்டையில் அச்சிட்ட எண் சொல்வதில்லை.

தமிழ்–மலையாள வழக்கில் இந்த வயதுச்சொற்கள் இன்னும் அழியவில்லை. இளங்கள்ளு, மூத்த கள்ளு, அந்திக்கள்ளு என்னும் மலையாளப் பெயர்கள் காலத்தையே குறிக்கின்றன. அதற்குக் காரணம் பொருளிலேயே உள்ளது. பாளையிலிருந்து வடியும் இனிய நீர் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு பூசினால் புளிக்காமல் அக்கானியாக, அதாவது பதநீராக, நிற்கும். பொழுது மாறினால் பானமும் வேறாகிவிடும். சங்க இலக்கியமும் நாள்பட்டு முதிர்ந்த தேறலின் கடுப்பைப் போற்றுகிறது. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கூழை ஆற்றி, உரைகாரர்கள் நெல்முளை எனக் கொள்ளும் பொருளைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு வடிக்கும் முறையைச் சொல்கிறது. முளைத்த தானியத்தால் வடிக்கும் கலை பர்ட்டனுக்கு மட்டும் உரியதன்று.

வேறுபாடு ஆவணத்தில் இருக்கிறது. ஆங்கிலப் பிட்டரைப் பற்றி வணிகர் கடிதமும், செய்தித்தாள் விளம்பரமும், நடுவர் தாளும் உள்ளன. கள்ளைப் பற்றி அரசு எழுதி வைத்தவை பெரும்பாலும் வரியும் குத்தகையும் தண்டமும்தான். சென்னை மாகாணத்தின் 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டமும், இன்றும் கேரளச் சட்டமாகத் தொடரும் கொல்லம் ஆண்டு 1077இன் கொச்சிச் சட்டமும், கள்ளை வருவாய்ப் பொருளாகக் கண்டனவே ஒழியச் சுவைப் பொருளாகக் காணவில்லை. மரமேறும் தொழிலாளி ஒரு துளியை நாவில் வைத்து அது எந்தப் பொழுதில் இறக்கியது, எந்த மரத்தது, சுண்ணாம்பு போதுமா என்று சொல்லும் தீர்ப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இங்கிலாந்தில் குடிப்பவர்களின் ஒரு சொல் வடிசாலையின் சிட்டையில் ஏறியது. இங்கே தொழில் செய்பவர்களின் சொற்கள் அகராதிக்கே முழுமையாக வந்து சேரவில்லை. மரமேறுவோர் குறைந்துவரும் காலத்தில் இது மதுவிலக்கை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற வழக்கோடு தொடர்பற்றது. பானத்தை விலக்கலாம், அதைப் பற்றிய அறிவைத் தாங்கிய சொற்களையும் சேர்த்து விலக்கினால், பின்னாளில் அவற்றை மீட்பதற்கு எந்தச் சட்டமும் உதவாது.