கண்ணுக்குத் தெரியாத விரிசல்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு என்றதும் குடவோலை முறையே நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு வேறொன்றையும் உணர்த்துகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் 6 பேர் ஏரி வாரியத்துக்கு ஒதுக்கப்பட்டனர். ஏரியை வெட்டுவதோடு கடமை முடிவதில்லை. அதைப் பேணுவதும் ஊரின் பொதுப்பணியே என்ற தெளிவு அன்று இருந்தது.

இன்று திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு, பராமரிப்புக்கு இல்லை. 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பி தொங்குபாலம் அறுந்து 130-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சீரமைக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டுச் சில நாள்களே ஆகியிருந்தன. ஒரு முதன்மை வடத்தின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன என்றும், அவை விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும் என்றும் சிறப்புப் புலனாய்வுக் குழு கூறியது. பார்வைக்குப் பாலம் புதிது. உள்ளே வடம் பழையது.

இத்தகைய மறைவான சேதத்தை அறிய மீயொலி அலைகள் உதவுகின்றன. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. வழக்கமான மீயொலிச் சோதனை, கருவி வைத்த இடத்தையும் அதன் அருகையுமே காட்டும். ஆனால் தகடு, குழாய், தண்டவாளம் ஆகியவற்றின் பரப்புகளே கரைகளாக அமைந்து, வாய்க்கால் நீரைப்போல அலையை நெடுகச் செலுத்தவும் முடியும். தகட்டில் செல்லும் இவ்வலைகளின் கணிதத்தை ஹோரேஸ் லாம்ப் 1917-இல் வகுத்தார். ஓரிடத்தில் கருவியைப் பொருத்திக் குழாயில் பல மீட்டர் தொலைவை ஆராயலாம். வழியில் விரிசலோ அரிப்போ இருந்தால் அலை சிதறும். நல்ல நிலையில் பதிந்த அலையோடு இன்றைய அலையை ஒப்பிட்டால் மாற்றம் புலப்படும்.

எல்லா இடத்திலும் உணரி பொருத்தப் பணம் ஏது? இதற்கான விடை பொருளியல் படித்தவர்களுக்குப் புதிதன்று. பின்னாளில் பொருளியல் அறிஞராகப் புகழ்பெற்ற ராபர்ட் டார்ஃப்மன், 1943-இல் ஒரு யோசனை சொன்னார். ராணுவத்தில் சேர்வோரின் ரத்தத்தைத் தனித்தனியே சோதிக்காமல், பலருடையதைக் கலந்து சோதித்தால், நோயற்ற குழுவை ஒரே சோதனையில் விலக்கிவிடலாம் என்பதே அது. 2020-இல் கரோனா காலத்தில் இந்தியாவும் கூட்டுச் சோதனையைக் கையாண்டது.

கட்டமைப்பிலும் சேதம் பெரும்பாலும் சில இடங்களில்தான் தொடங்கும். இரு உணரிகளுக்கிடையே செல்லும் ஒவ்வோர் அலையும் வழியிலுள்ள அனைத்துப் புள்ளிகளையும் ஒருசேரச் சோதிக்கிறது. 'சேதம் சில இடங்களில் மட்டுமே' என்பதை நிபந்தனையாகக் கொண்டு, குறைந்த அளவீடுகளிலிருந்தே கணினி அவ்விடங்களைத் தேடுகிறது.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. வெப்பநிலை மாறினால் அலையின் வேகமும் மாறும்; சித்திரை வெயிலையே விரிசல் எனக் கருவி கருதிவிடலாம். ஜல்லி கலந்த கான்கிரீட்டில் அலை விரைவில் வலுவிழக்கும். சேதம் பரவலாக இருந்தால் நிபந்தனையே பொய்த்துவிடும். ஐயத்தை எழுப்புவது கருவியின் வேலை; நேரில் உறுதிசெய்வது பொறியாளரின் பொறுப்பு.

பொருள்களைச் சிதைக்காமல் சோதிக்கும் ஆய்வில் சென்னை ஐஐடி தனி மையமே நடத்துகிறது. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் உள்ளது. இந்த அறிவு உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளின் இரும்புக் குழாய்களையும் பாலங்களையும் வந்தடைய வேண்டும். கட்டி முடித்தவுடன் முதல் அளவீட்டைப் பதிவு செய்தல், திட்ட மதிப்பீட்டிலேயே சோதனைக்கும் பராமரிப்புக்கும் தனித் தொகை ஒதுக்குதல், ஆண்டுதோறும் முடிவுகளைக் கிராம சபையில் வைத்தல் ஆகிய மூன்றும் நடைமுறைக்கு வர வேண்டும்.

விபத்துக்குப் பின் வழங்கும் இழப்பீட்டைவிட, விபத்துக்கு முன் செய்யும் சோதனை சிக்கனமானது. ஏரி வாரியம் கண்ட ஊருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதன்று.