அமெரிக்கப் படைப்பணிப் பதிவுத் திருத்தம்

அமெரிக்கப் படைப்பணிப் பதிவுத் திருத்தம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் ஒருவரின் பணிப் பதிவில் விடுபட்ட பதக்கம் முதலியவற்றைச் சேர்க்கும் நடைமுறை ஆகும். பணியிலிருந்து விலகும்போது வழங்கப்படும் டிடி 214 என்னும் படிவமே பணிக்காலத்தையும் விருதுகளையும் காட்டும் முதன்மை ஆவணம். இப்படிவம் 1950 முதல் வழக்கில் உள்ளது.

விடுபடக் காரணங்கள்

எழுத்தர் பிழையாலோ, வீரர் விலகிய பின்னர் விருது ஆணை வெளிவந்ததாலோ பதக்கம் விடுபடலாம். மேலும், 1973 சூலை 12 அன்று மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலிருந்த தேசியப் பணியாளர் பதிவு மையத்தில் தீ மூண்டது. ஏறத்தாழ 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் 1 முதல் 1960 சனவரி 1 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் 80 விழுக்காடு இதில் அடங்கும். அவற்றுக்கு மறுபடிகளோ நுண்படச் சுருள்களோ இருக்கவில்லை.

நடைமுறை

வீரர் முதலில் விருது ஆணை, மருத்துவக் குறிப்பு போன்ற சான்றுகளுடன் விண்ணப்பிக்க வேண்டும். கோரிக்கை ஏற்கப்பட்டால் டிடி 215 என்னும் திருத்தப் படிவம் வழங்கப்படும். மறுக்கப்பட்டால், குடிமக்களைக் கொண்ட பதிவுத் திருத்த வாரியத்திடம் டிடி 149 படிவத்தின் வழி முறையிடலாம். பிழையை அறிந்த 3 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்; நீதியின் பொருட்டு வாரியம் இவ்வரம்பைத் தளர்த்தலாம். வீரர் இறந்திருப்பின் வாழ்க்கைத்துணையோ வாரிசோ விண்ணப்பிக்கலாம்.

மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும். கோப்பு அரசின் காவலில் எரிந்திருந்தாலும் இப்பொறுப்பு நீங்குவதில்லை. அந்நிலையில் படைப்பிரிவின் நாளறிக்கைகளும் உடன் பணியாற்றியோரின் வாக்குமூலங்களும் துணைபுரிகின்றன. சாட்சிகள் மறைந்துவருவதால் காலத்தாழ்வு கோரிக்கையை வலுவிழக்கச் செய்கிறது.