விருத்தாசலம் பீங்கானும் ஒரு ரிப்பன் கேபிளும்

விருத்தாசலத்தில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் ஃபியூஸ் கேரியர்களை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். "ணங்"னு கேட்டா நல்ல சரக்கு. சத்தம் மழுங்கினா எங்கோ கீறல். கரன்ட் ஓடும் இடத்தில் கையால் பிடித்து இழுக்கிற சாமான், சும்மா விட முடியாது. "தம்பி, இதை கேமரா வச்சுப் பாக்க முடியாதா? அஞ்சாயிரத்துக்கு மேல தாங்காது" என்றார்.

கணக்கு போட்டேன். 10 செ.மீ. அகலத்தை 640 புள்ளிகளில் படம் பிடித்தால் ஒரு புள்ளி 0.16 மி.மீ. மயிரிழைக் கீறலோ 0.1 மி.மீ. தான். 3280 புள்ளிகள் இருந்தால் அதே கீறல் மூன்று புள்ளி அகலம் வரும். அப்போ சென்சார் கிடைக்கிறதா என்பதல்ல சிக்கல். அத்தனை புள்ளிகளையும் சின்ன பிராசசருக்குள் எப்படிக் கொண்டுபோவது?

பழைய வழி, எட்டு டேட்டா கம்பிகளில் பிட்டுகளை ஒரே நேரத்தில் இணையாக அனுப்புவது. ஓவி7670 போன்ற 640×480 சென்சார்கள் அப்படித்தான். வேகம் கூடினால் எட்டும் ஒரே நேரத்தில் வந்து சேராது, இரைச்சலும் ஏறும். செல்போனுக்கு இது ஒத்துவரவில்லை. 2003-ல் நோக்கியா, ஏஆர்எம், எஸ்டி மைக்ரோ, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சேர்ந்து எம்ஐபிஐ கூட்டமைப்பைத் தொடங்கின. 2005-ல் சிஎஸ்ஐ-2 வந்தது. இதில் கம்பிகள் ஜோடி ஜோடியாகப் போகும். ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சல், வித்தியாசத்தை மட்டும் பார்க்கும்போது அடிபட்டுப்போகும். மறு வருஷமே நம்ம ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. போன்கள் கோடிக்கணக்கில் விற்க விற்க சென்சார் விலை சரிந்தது.

ஆனாலும் விவர ஆவணம் உறுப்பினர்களுக்கு மட்டும்தான். பட்டறைக்காரருக்குக் கதவு திறந்தது 2013 மே மாதம், ராஸ்பெரி பை 25 டாலருக்கு 5 மெகாபிக்சல் கேமரா விட்டபோது. 2016-ல் அதே விலையில் சோனியின் 8 மெகாபிக்சல் ஐஎம்எக்ஸ்219. கேபிளில் மொத்தம் 15 முனை, டேட்டாவுக்கு இரண்டே ஜோடி.

கஞ்சத்தனமாக நான் முதலில் வாங்கியது வேறு, மிக மலிவான 2 மெகாபிக்சல் கேமரா. சென்சாருக்குள்ளேயே ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும். படம் அழகாத்தான் இருந்தது. கீறல் மட்டும் காணோம்! மங்கலான மெல்லிய கோட்டைத்தானே சுருக்கம் முதலில் தின்கிறது.

எட்டு மெகாபிக்சலைச் சுருக்காமல் விநாடிக்கு 15 படம் அனுப்பினால் 1.2 ஜிகாபிட். யுஎஸ்பி 2-ன் எல்லை 480 மெகாபிட். சென்னை இ-கான் சிஸ்டம்ஸ் போன்றவர்கள் எம்ஐபிஐ சென்சாரை யுஎஸ்பி 3-க்கு மாற்றும் போர்டுகள் செய்கிறார்கள். நல்ல வழிதான், நண்பரின் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஆனா பீங்கான் எங்கே ஓடப்போகிறது? விநாடிக்கு ஒரு படம் போதும். 15 டாலர் பை ஜீரோ 2-வே அதைத் தாங்கும். அதில் 22 முனை என்பதால் ரிப்பன் மட்டும் தனியாக வாங்கினேன்.

இப்போது தொல்லை ரிப்பனின் நீளம். ஒரு சாண்தான். அதனால் போர்டும் கேமராவோடு சூளைப் பக்கத்திலேயே, களிமண் தூசியில் உட்கார வேண்டியிருக்கிறது. பழைய டிபன் டப்பா ஒன்றில் அடைத்து வைத்திருக்கிறோம். கேமரா சரி என்று சொன்னதையும் அண்ணன் இன்னும் ஒருதரம் தட்டிப் பார்த்துத்தான் பெட்டியில் போடுகிறார்.