ஒரு பவுனுக்கு ரெண்டு டன் பாறை... தங்கம் பிஸ்கட் ஆகும் கதை!

மணிமங்கலத்தில் ரூம் எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ் பிடித்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போகிறவரா நீங்கள்? சம்பளம் வந்ததும் நகைச்சீட்டுக்குப் பணம் கட்டுவீர்களா? அப்போ இந்தக் கணக்கைப் பாருங்க.

ஒரு பவுன்னா 8 கிராம். 916 நகையில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம். ஒரு டன் பாறையில் 4 கிராம் தங்கம் இருந்தால், அந்த ஒரு பவுனுக்காகக் கிட்டத்தட்ட 2 டன் பாறையை உடைக்கணும்!

கே.ஜி.எஃப் என்றதும் யஷ்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால், நிஜமான கோலார் தங்க வயலில் உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள், அதிலும் தலித் மக்களே அதிகம். 1880-ல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்கிற பிரிட்டிஷ் நிறுவனம் அங்கே கால்வைத்தது. சுரங்கத்துக்காகவே 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே பாறையே கொதிக்கும். திடீர்னு வெடித்துச் சிதறவும் செய்யும்.

வெடிவைத்து எடுத்த பாறையை மேலே கொண்டுவந்து, நொறுக்கி, மாவு மாதிரி அரைப்பார்கள். அதைச் சுண்ணாம்பு கலந்த சைனைடு கரைசலில் ஊறவைத்தால், தங்கம் நைஸாகக் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும். பிறகு துத்தநாகத் தூளையோ கரியையோ போட்டு அந்தத் தங்கத்தைப் பிரிக்க வேண்டும். அதை வெண்காரம் போட்டு உருக்கினால் கிடைப்பது 'டோரே' கட்டி. வெள்ளியும் கலந்த அரைகுறைத் தங்கம் அது.

ரிஃபைனரி வேலை இதற்குப் பிறகுதான். உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தினால், வெள்ளியும் மற்ற உலோகங்களும் குளோரைடாக மாறி மேலே மிதந்துவிடும். மிஞ்சுவது சுமார் 99.5 சதவிகிதத் தங்கம். அதற்கும் மேலே சுத்தம் வேணும்னா, கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். அப்போது 99.99 வரை போகும். அப்புறம்தான் அச்சில் ஊற்றி, எடையும் தரமும் முத்திரையிட்டு பிஸ்கட், பார். வங்கிகள் கைமாற்றும் பெரிய பார் ஒன்று சுமார் 12.5 கிலோ. சினிமா வில்லன்கள் அதை ஒரே கையில் தூக்கிப்போடுவதெல்லாம் சும்மா!

கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. செலவு, கிடைக்கும் தங்கத்தைவிட அதிகம். எடுத்தவரை சுமார் 800 டன். தங்கம் போயிடுச்சு, அரைத்த மண் மட்டும் மலைமலையா அங்கேயே கிடக்கு. 'சைனைடு மலை'ன்னே ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். பாறைத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோயும் மிச்சம். வேலை போனதும் பலர் தினமும் ரயிலேறி பெங்களூரு போய் வர ஆரம்பித்தார்கள். கர்நாடகாவில் ராய்ச்சூர் பக்கம் ஹட்டியில் மட்டும் சுரங்க வேலை இன்னும் தொடர்கிறது.

இன்னொரு சுரங்கம் உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கு. துருப்பிடிக்காது, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் செல்போன் போர்டிலும் கனெக்டரிலும் மெல்லிசாகத் தங்க முலாம் பூசுவார்கள். ஒரு போனில் இருப்பது துளிதான். ஆனால் ஒரு டன் பழைய போனில், ஒரு டன் பாறையில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகத் தங்கம் உண்டு. யூடியூப் பார்த்து வீட்டில் ஆசிட் ஊற்றி எடுக்கலாம்னு மட்டும் கிளம்பிடாதீங்க. அந்தப் புகை நுரையீரலைக் கெடுத்துவிடும். பழைய போனை, அங்கீகாரம் பெற்ற இ-வேஸ்ட் மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.

சீட்டு முடிந்து நகை வாங்கப் போறீங்களா? செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்ப வராது. அணியும் ஆசை இல்லாமல் சேமிப்புக்கு மட்டும்னா, நகையைவிட காயின் மேல் என்பது என் கருத்து. நகைதான் வேணும்னா, பி.ஐ.எஸ் முத்திரையோடு ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி எண்ணும் இருக்கான்னு பாருங்க. 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் தரம் தெரிந்துவிடும். பில் போடுவதற்கு முன்னாடியே, கடையில் நின்றபடியே பார்த்துடுங்க.