செயலியின் ஓய்வும் குறுக்கீடும்: எக்ஸ்1 முதல் சக்தி வரை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வீ. காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ நுண்செயலி, 2018ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கிக் காட்டியது. அவ்வாண்டின் முதற்சில்லு இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலும், அடுத்தது சண்டிகருக்கு அருகே மொகாலியிலுள்ள செமி-கண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலும் உருவாக்கப்பட்டன. இயங்குதளம் தொடங்குவதையே ஒரு செயலியின் தகுதிக்குச் சான்றாகக் கொள்வது வழக்கம். தொடங்கிய கெர்னல், வேலை இல்லாதபோது என்ன செய்கிறது என்ற வினா அரிதாகவே எழுகிறது. செயலியின் ஓய்வை மின்சிக்கனத்தின் வரலாறாக அன்றி, முதன்மையாகக் குறுக்கீட்டின் வரலாறாகக் காண்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வட்டு, விசைப்பலகை, கடிகாரம் முதலியன, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இடைநிறுத்தித் தம்மைக் கவனிக்கச் செய்யும் சமிக்ஞையே குறுக்கீடு. 1950களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் எலெக்ட்ரோலாஜிக்கா எக்ஸ்1 கணினிக்கு இவ்வசதி முன்மொழியப்பட்டபோது எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அஞ்சினார். எந்த இரு கட்டளைகளுக்கு இடையிலும் குறுக்கீடு நுழையலாம். அதனால் நேரும் பிழையை மறுமுறை நிகழ்த்திப் பார்ப்பதும் அரிது. பின்னர் அக்குறுக்கீடுகளைக் கையாளும் நிரலையே அவர் தமது 1959ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளாக்கினார்.

அவ்வச்சத்திற்கு ஓய்வுநிலையே நல்ல சான்று. வேலை உண்டா என்று கெர்னல் பார்க்கிறது. இல்லையெனில் செயலியை உறங்கச் செய்கிறது. பார்த்ததற்கும் உறங்கியதற்கும் இடையே ஒரு குறுக்கீடு வந்து புதிய வேலையைத் தந்துவிட்டுப் போனால், கையில் வேலை இருக்கும்போதே செயலி உறங்கிவிடும். குறுக்கீடுகளைத் தடுத்துவிட்டுப் பார்க்கலாம். எனினும் உறங்குமுன் அத்தடையை நீக்கியாக வேண்டும். அப்போது அதே இடைவெளி மீண்டும் தோன்றுகிறது. எக்ஸ்86 குடும்பம் கண்ட விடை நுட்பமானது. தடையை நீக்கும் ‘எஸ்டிஐ’ கட்டளையின் விளைவு, அதற்கு அடுத்த ஒரு கட்டளை முடிந்த பின்னரே நடைமுறைக்கு வரும். அந்த ஓரிடத்தில் ‘எச்எல்டி’ என்னும் நிறுத்தக் கட்டளையை வைத்தால் இடைவெளி அடைபடும்.

பிழைபட்ட நிரல்களையும் நெடுங்காலம் காப்பாற்றியது கடிகாரத் துடிப்பே எனலாம். லினக்ஸ் 2.6 வரிசையின் தொடக்கத்தில் எக்ஸ்86 செயலிகளில் அது நொடிக்கு 1000 முறை வந்தது. தவறி உறங்கிய செயலியும் ஒரு மில்லிநொடிக்குள் விழித்தது. 2007 ஏப்ரலில் வெளிவந்த 2.6.21, ஓய்வின்போது துடிப்பை நிறுத்தும் முறையை ஏற்றது. மின்சாரம் மிஞ்சியது, அந்தக் காவல் நீங்கியது. 2008 சனவரியின் 2.6.24இல், வெங்கடேஷ் பல்லிபாடி உள்ளிட்டோர் உருவாக்கிய ‘சிபியுஐடில்’ கட்டமைப்பு சேர்ந்தது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழிக்க நேரம் பிடிக்குமாதலால், கிடைக்கக்கூடிய ஓய்வு நேரத்தைக் கணித்து உறக்கத்தின் ஆழத்தை அது தேர்கிறது.

சக்தி பின்பற்றுவது, 2010இல் பெர்க்கிலியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதி. அதன் ‘டபிள்யூஎஃப்ஐ’ கட்டளை, பொதுத்தடை நடப்பில் இருக்கும்போதும், தனித்து அனுமதிக்கப்பட்ட குறுக்கீடு காத்திருந்தால் விழிக்கும்படி வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே லினக்ஸ் தடையை நீக்காமலே உறங்கி, விழித்த பின்னர் நீக்குகிறது. ஒரு கட்டளை நிழலை நம்ப வேண்டிய தேவை இங்கு இல்லை. ஆனால் அதே வரையறை, இக்கட்டளை எதுவும் செய்யாமல் கடந்துபோகவும் இடமளிக்கிறது. அவ்வாறு அமைந்த செயலியிலும் லினக்ஸ் பிழையின்றி ஓடும். ஓய்வுச் சுழலில் விழித்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவே. எனவே லினக்ஸ் இயங்கியது என்ற 2018ஆம் ஆண்டுச் செய்தியிலிருந்து சக்தியின் ஓய்வைப் பற்றி எதையும் முடிவு செய்ய இயலாது. அதன் வடிவமைப்பு நிரல்கள் புளூஸ்பெக் மொழியில் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளன. அவ்வினாவுக்குரிய முதன்மைச் சான்றுகள் அவையே.