நிலக்கரி இரும்பின் மோஸ்பவர் ஆய்வு

நிலக்கரியிலும் அதன் சாம்பலிலும் இரும்பு எந்த வடிவில் உள்ளது என்று காட்டும் நிறமாலை முறை. ருடால்ஃப் மோஸ்பவர் 1958-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதன் அடிப்படை. 1961-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோபால்ட்-57 வெளியிடும் 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக்கதிரை, ஒத்ததிர்வு முறையில் இரும்பு-57 அணுக்கருக்களே உறிஞ்சும். இயற்கை இரும்பில் அவை சுமார் 2 விழுக்காடுதான், அதுவே போதும். கதிர்மூலத்தை நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் முன்பின் அசைத்தால் கோடுகள் தோன்றும்: கரியிலுள்ள பைரைட்டுக்கு இரண்டு, எரிந்தபின் உருவாகும் ஹேமடைட்டுக்கு ஆறு. சாம்பலின் கண்ணாடிப் பகுதியில் கரைந்த இரும்பையும் இது காட்டிவிடும். படிகங்களை மட்டுமே இனங்காணும் எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு அங்கே தடுமாறும். இதுவே மோஸ்பவர் முறையின் தனிச்சிறப்பு. இரும்பின் வடிவம் நடைமுறையிலும் முக்கியம்: உருகிய சாம்பலில் ஈரிணைதிறன் கொண்ட இரும்பு கூடினால் அதன் உருகுநிலை தாழ்ந்து, கொதிகலன் குழாய்களில் கசடு ஒட்டும். 1962 முதல் பழுப்பு நிலக்கரியால் மின்சாரம் எடுக்கும் நெய்வேலி போன்ற இடங்களுக்கு இவ்வறிவு மிகவும் தேவை.